பழைய டிவி கேமுக்கும் பிஎஸ்2-வுக்கும் நல்ல ஜாய்ஸ்டிக் சென்னையில் எங்கே வாங்கலாம்?

வேளச்சேரிவாசி எழுதியது:

வணக்கம். வீட்டில் இரண்டு பழைய மெஷின் இருக்கின்றன. இரண்டுக்கும் ஜாய்ஸ்டிக் தேடி மூன்று மாதமாக அலைகிறேன், வாங்கியது எதுவும் சரியாக அமையவில்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

முதலாவது 1997-ல் அப்பா பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கிக் கொடுத்த காசெட் டிவி கேம். மேலே ஒட்டியிருந்த பெயர் உரிந்துபோய் பல வருஷம் ஆகிறது. மஞ்சள் காசெட், 8 பிட், காண்ட்ராவும் மரியோவும் ஓடும், அந்த ரகம் என்றால் உங்களுக்கே தெரியும். இரண்டாவது, நான் முதல் சம்பளத்தில் வாங்கிய பிஎஸ்2 ஸ்லிம், அதாவது சோனி பிளேஸ்டேஷன் 2.

2015 டிசம்பரில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். நாங்கள் தரைத்தளம். மெஷின் இரண்டும் பரணில் இருந்ததால் பிழைத்தன. டிவி கேமின் இரண்டு ஜாய்ஸ்டிக்கும் டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் இருந்தன, சேற்றில் ஊறிப்போய்விட்டன. கழுவிக் காயவைத்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தேன், எறிய மனசு வரவில்லை. பிஎஸ்2 ஜாய்ஸ்டிக் பரணிலேயே இருந்தது, நனையவில்லை, ஆனால் இப்போது மாட்டினால் யாரும் தொடாமலே மெனு மேலே ஓடுகிறது. சதுர பட்டன் ஒரு நேரம் வேலை செய்கிறது, ஒரு நேரம் செய்வதில்லை.

மகளுக்கு எட்டு வயது. பரணைச் சுத்தம் செய்யும்போது மெஷினைப் பார்த்துவிட்டாள், அன்றிலிருந்து தினமும் கேட்கிறாள். சரி என்று ஆன்லைனில் மூன்று வாங்கினேன். ஒன்று டிவி கேமுக்கான 9 பின் ஜாய்ஸ்டிக். மாட்டினால் வேலை செய்கிறது, ஆனால் வலது பக்கம் ஓடச் சொன்னால் ஆள் பாதி வழியில் படுத்துக்கொள்கிறான், காண்ட்ராவில் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று படத்தில் அச்சு அசலாகப் பழையது மாதிரியே இருந்தது, பிரித்துப் பார்த்தால் ஒயர் முனையில் யூஎஸ்பி. மூன்றாவது, 'ஒரிஜினல்' என்று போட்டு வந்த பிஎஸ்2 ஜாய்ஸ்டிக். கையில் எடுத்தால் காலி டப்பா மாதிரி கனமே இல்லை, கார் நேராகப் போகாமல் இடப்பக்கமே இழுக்கிறது.

இந்த இரண்டு மெஷினுக்கும் நம்பி வாங்கக்கூடியது எது? எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் இன்னும் கிடைக்கிறதா? பாலிடெக்னிக்கில் படித்தவன், வீட்டில் சால்டரிங் அயர்ன் இருக்கிறது, கை பழகி ரொம்ப நாளாகிவிட்டது.


ஈயப்புகை எழுதியது:

தம்பி, முதலில் அந்த பிஸ்கட் டப்பாவை வெளியே எடுங்கள். புதிதாக எதுவும் வாங்குவதற்கு முன்னால் அதைத் திறந்து பார்க்க வேண்டும்.

நான் ரிச்சி தெருப் பக்கத்துச் சந்தில் பத்தொன்பது வருஷம் ரிமோட்டும் ஜாய்ஸ்டிக்கும் ரிப்பேர் பார்த்தவன். செத்துப்போனது என்று கொண்டுவந்து கொடுத்த ஜாய்ஸ்டிக்கில் போர்டு உண்மையாகவே செத்தது ரொம்பக் குறைவு. ஒன்று ரப்பர் தேய்ந்திருக்கும், இல்லாவிட்டால் ஒயர் உள்ளே அறுந்திருக்கும். இரண்டுமே வீட்டில் உட்கார்ந்து சரிசெய்யக்கூடியவை. இப்போது வரும் மலிவான ஜாய்ஸ்டிக்கை விட, சுத்தம் செய்து ரப்பர் மாற்றிய பழைய ஜாய்ஸ்டிக் பல மடங்கு நன்றாக இருக்கும்.

பின்பக்கத் திருகுகளைக் கழற்றுங்கள், சாதாரண நட்சத்திர ஸ்க்ரூடிரைவர் போதும். ராயபுரம், திருவான்மியூர் மாதிரி கடல் பக்கத்து வீடு என்றாலோ, உங்களது மாதிரி தண்ணீரில் ஊறியது என்றாலோ திருகு துருப்பிடித்திருக்கும், அவசரப்பட்டுத் திருப்பினால் தலை வழுக்கிவிடும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். திறந்ததும் பட்டனுக்குக் கீழே ரப்பர் பேட், ரப்பரின் அடியில் கறுப்பு வட்டம், அதற்கு எதிரே போர்டில் சீப்புப் பல் மாதிரி பின்னிய தடங்கள். பட்டனை அழுத்தும்போது அந்தக் கறுப்புக் கார்பன் தடத்தில் ஒட்டி மின்சாரத்தைக் கடத்துகிறது, அவ்வளவுதான் விஷயம். மல்டிமீட்டரின் இரு முனையையும் அந்தக் கறுப்பு வட்டத்தில் வைத்துப் பாருங்கள். சில நூறு ஓமுக்குள் காட்டினால் ரப்பர் நன்றாக இருக்கிறது. பல ஆயிரத்துக்கு ஏறிவிட்டால் மாற்றத்தான் வேண்டும்.

போர்டை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடையுங்கள். ரப்பரை சோப்புத் தண்ணீரில் லேசாகக் கழுவினால் போதும், அழுத்தித் தேய்த்தால் கார்பனும் சேர்ந்து போய்விடும். பெட்ரோலும் தின்னரும் வேண்டவே வேண்டாம். நிறையப் பேர் கடையிலேயே அதைத்தான் செய்கிறார்கள், ரப்பர் உப்பிப் பாழாகிறது, தின்னர் பட்டால் பிளாஸ்டிக்கும் கரைகிறது.

அப்புறம் ஒயர். இந்த 8 பிட் ஜாய்ஸ்டிக்கில் எட்டு பட்டனுக்கும் சேர்த்து ஐந்தே ஒயர்தான் இருக்கும். 5 வோல்ட் ஒன்று, கிரவுண்டு ஒன்று, மீதி மூன்றும் லாட்ச், கிளாக், டேட்டா. லாட்ச் ஒயரில் மெஷின் ஒரு துடிப்பு அனுப்பும், அந்த நொடியில் எட்டு பட்டனின் நிலையும் ஜாய்ஸ்டிக் உள்ளே இருக்கும் ஐசி-யில் பதிவாகிவிடும். பிறகு கிளாக் ஒயரில் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒவ்வொரு பட்டனாக டேட்டா ஒயர் வழியே மெஷினுக்குப் போகும். முதலில் ஏ, பிறகு பி, செலக்ட், ஸ்டார்ட், மேல், கீழ், இடது, வலது, இதே வரிசை. நின்டெண்டோ 1983-ல் ஃபேமிகாம் கொண்டுவந்தபோது வைத்த முறை, நம் ஊருக்கு வந்த நகல் மெஷின்களும் இதையேதான் பின்பற்றுகின்றன. நின்டெண்டோ ஜாய்ஸ்டிக்கில் 4021 என்ற ஐசி இருக்கும், நம்முடையதில் தார்ச் சொட்டு மாதிரி ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும், வேலை ஒன்றுதான்.

இதைத் தெரிந்துவைத்தால் நோயைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒரே ஒரு பட்டன் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் ரப்பர் அல்லது அந்த இடத்துத் தடம். எதுவுமே வேலை செய்யவில்லை என்றால் பெரும்பாலும் ஒயர். ஏ-வை அழுத்தினால் எல்லா பட்டனையும் ஒன்றாக அழுத்தினது மாதிரி ஆனால் கிளாக் ஒயர் அறுந்திருக்கிறது, முதல் பட்டனையே மெஷின் எட்டு முறை படிக்கிறது. ஒயர் அறுவது எப்போதும் ஜாய்ஸ்டிக்குக்குள் நுழையும் கழுத்தில்தான், சின்ன வயதில் எல்லோரும் மெஷினையே ஒயரைப் பிடித்து இழுத்திருப்போம். அந்தக் கழுத்தில் நாலு விரல் நீளம் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி ஈயம் வைத்தால் போதும்.

ஒயரின் நிறத்தை நம்பாதீர்கள். ஒரு ஜாய்ஸ்டிக்கில் சிவப்பு 5 வோல்ட், இன்னொன்றில் அதே சிவப்பு டேட்டா. மல்டிமீட்டரை இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலையில் வைத்துப் பார்த்து, எந்த நிறம் எந்தப் பின்னுக்குப் போகிறது என்று தாளில் எழுதிக்கொண்ட பிறகுதான் வெட்ட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. 9 பின் என்பதற்காக எந்த 9 பின்னையும் மாட்டாதீர்கள். சேகா நிறுவனத்தின் 16 பிட் மெஷினான மெகா டிரைவின் ஜாய்ஸ்டிக்கும் பார்வைக்கு இதே பிளக்தான், ஆனால் உள்ளே முறையே வேறு, அதில் 5 வோல்ட் வருவது 5-வது பின்னில். மாற்றி மாட்டினால் வேலை செய்யாது, மெஷினின் போர்ட்டே போனாலும் போகலாம். சில டிவி கேமில் 15 பின் இருக்கும், அதையும் எண்ணிப் பாருங்கள்.


அம்பத்தூர்_16பிட் எழுதியது:

ஈயப்புகை அண்ணன் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் புதிது எல்லாமே குப்பை என்று நினைத்துவிடாதீர்கள். அது மெஷினைப் பொறுத்தது.

என்னிடம் மெகா டிரைவ் இருக்கிறது. அதற்கு ரெட்ரோ-பிட் நிறுவனம் சேகாவிடம் உரிமம் வாங்கியே ஆறு பட்டன் ஜாய்ஸ்டிக் செய்கிறது. எயிட்பிட்டோ நிறுவனத்தின் எம்30 என்ற ஒயர்லெஸ் ஜாய்ஸ்டிக்கில் மெகா டிரைவிலேயே நேராகச் செருகும் ரிசீவரோடு ஒரு வகை வருகிறது. எம்30-யை இரண்டு வருஷமாக வைத்திருக்கிறேன், டி-பேட், அதாவது திசைக்கான சிலுவை வடிவக் கட்டை, பழைய சேகாவுக்குச் சமம் என்றே சொல்வேன். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியும் சேரும், கணக்குப் போட்டு வாங்குங்கள், அல்லது ஊருக்கு வரும் சொந்தக்காரர் யாரிடமாவது சொல்லி வையுங்கள், நான் அப்படித்தான் மச்சானிடம் சொல்லி வாங்கினேன். ஆறு பட்டன் ஜாய்ஸ்டிக் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சில ஆரம்ப கால கேம்கள் அதைப் புரிந்துகொள்ளாமல் தடுமாறும், அப்போது மோட் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு மெஷினை ஆன் செய்தால் மூன்று பட்டன் ஜாய்ஸ்டிக் மாதிரி நடந்துகொள்ளும்.

நம் ஊர் 9 பின் டிவி கேமுக்கு அப்படி உரிமத்தோடு தயாரிக்க யாரும் இல்லை, அதனால் அண்ணன் வழிதான் சரி.

உங்கள் ஆள் பாதி வழியில் படுப்பதற்குக் காரணம் டி-பேட். நல்ல டி-பேடின் நடுவில் அடியில் ஒரு குமிழ் இருக்கும், கட்டை அதன் மேல் சீசாப் பலகை மாதிரி சாயும், அதனால் வலதை அழுத்தினால் இடது தானாக எழும்பும். மலிவானதில் அந்தக் குமிழே இருக்காது, இருந்தாலும் குட்டையாக இருக்கும். கட்டை மொத்தமாக உள்ளே அமுங்கி, வலதோடு கீழும் சேர்ந்து பட்டுவிடும். கடையில் வாங்கும்போது கட்டை விரலை நடுவில் வைத்து நேராக அழுத்திப் பாருங்கள். நான்கு பக்கமும் ஒன்றாக இறங்கினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

ரிச்சி தெருவுக்குப் போவதென்றால் ஞாயிறு வேண்டாம், பெரும்பாலான கடை மூடியிருக்கும். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடந்தே போகலாம், பறக்கும் ரயிலில் வந்தால் சிந்தாதிரிப்பேட்டை. இருக்கும் ஜாய்ஸ்டிக்கையும் கையோடு எடுத்துப் போங்கள், முடிந்தால் மெஷினையே பையில் போட்டுக்கொண்டு போங்கள். வாயால் சொன்னால் ஆளுக்கு ஒன்று எடுத்துக் காட்டுவார்கள், பொருளைக் காட்டினால் தெரிந்தவர் யார், தெரியாதவர் யார் என்பது உடனே புரிந்துவிடும்.


ராயபுரம்_செகண்ட்_பிளேயர் எழுதியது:

பிஎஸ்2 பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் அண்ணா, நீங்கள் சொன்ன அதே நோய் எங்கள் வீட்டில் நான்கு ஜாய்ஸ்டிக்குக்கு வந்தது, நான்கையும் நானும் தம்பியும் சமையலறை மேஜையில் வைத்துச் சரிசெய்தோம்.

பிஎஸ்2-வோடு வரும் டூயல்ஷாக் 2 ஜாய்ஸ்டிக்கில் டிவி கேம் மாதிரி ரப்பர் நேராகப் போர்டில் படாது. நடுவில் பட்டன் தடங்கள் அச்சடித்த மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று இருக்கிறது. பட்டனை எவ்வளவு அழுத்தினோம் என்பதையும் அது உணரும் என்பதால் அப்படிச் செய்திருக்கிறார்கள். அந்தப் படலத்தின் ஒரு முனை மெயின் போர்டின் தங்க நிறத் தடங்கள் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும், ஈயம் எல்லாம் கிடையாது. கீழே ஒரு சின்ன ஸ்பாஞ்ச் துண்டு அதைப் போர்டோடு அழுத்திப் பிடிக்கிறது. அந்த ஸ்பாஞ்ச் இருபது வருஷத்தில் சப்பையாகிவிடும், சென்னைப் புழுக்கத்தில் பிசுபிசுத்தும் போகும். அழுத்தம் குறைந்ததும் படலம் ஒரு நேரம் தொடும், ஒரு நேரம் தொடாது. மெனு தானாக மேலே ஓடுவதும், சதுரம் நினைத்தால் வேலை செய்வதும் அதனால்தான்.

திறந்து, கட்டைவிரலால் எல்லாப் பக்கமும் சாய்க்கும் அனலாக் ஸ்டிக் இருக்கும் போர்டைத் தூக்கினால் படலத்தின் முனை தெரியும். தடங்களையும் முனையையும் ஆல்கஹாலில் துடையுங்கள். பழைய ஸ்பாஞ்சை எடுக்க வேண்டாம், அதன் மேல் இன்சுலேஷன் டேப்பை மூன்று நான்கு மடிப்பாக மடித்து வைத்து மூடுங்கள். முதல் தடவை நாங்கள் இரண்டு மடிப்பு வைத்தோம், பத்தவில்லை. நான்கு வைத்ததும் எல்லா பட்டனும் உயிர் பெற்றுவிட்டன, அன்று இரவு சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டு விளையாடினோம். திறக்கும்போது எல்1, எல்2 பட்டன்கள் கழன்று விழும், எது எங்கே இருந்தது என்று முன்னாலேயே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதிர்வுக்கான இரண்டு மோட்டாரும் பெரியது ஒன்று, சின்னது ஒன்று, அதையும் இடம் மாற்றிவிடாதீர்கள்.

'ஒரிஜினல்' என்று வந்ததைத் திருப்பி அனுப்ப முடிந்தால் அனுப்பிவிடுங்கள். போலியைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி கிரான் டூரிஸ்மோ 3 போட்டு எக்ஸ் பட்டனைப் பாதி மட்டும் அழுத்திப் பார்ப்பது. உண்மையான டூயல்ஷாக் 2-வில் கார் பாதி வேகத்தில் போகும், பெரும்பாலான போலியில் ஒன்று முழு வேகம், இல்லாவிட்டால் நின்றே போகும். கார் இடப்பக்கம் இழுப்பது அனலாக் ஸ்டிக்கின் நடு சரியாக அமையாததால். அந்த மாதிரி மலிவான மாட்யூலில் புதிதாக இருக்கும்போதே அந்தக் குறை இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய பிஎஸ்1 ஜாய்ஸ்டிக் யாரிடமாவது கிடைத்தால் அது பிஎஸ்2-விலும் செருகும், பிஎஸ்1 டிஸ்க் போட்டால் அருமையாக வேலை செய்யும், பிஎஸ்2 கேம் சிலது மட்டும் ஏற்றுக்கொள்ளாது. தலைகீழாக, சில பழைய பிஎஸ்1 கேமில் டூயல்ஷாக் வேலை செய்யவில்லை என்று தோன்றினால் அனலாக் பட்டனை அழுத்திச் சிவப்பு விளக்கை அணையுங்கள், சரியாகிவிடும். செகண்ட் ஹேண்டில் வாங்கப் போகும்போது எண்ணூறு ரூபாய் சொன்ன ஒருவர், விளக்கு எரியவில்லை என்று நானூறுக்குக் கொடுத்தார். விளக்கு மட்டும்தான் போயிருந்தது, இன்றும் என் தம்பி அதில்தான் விளையாடுகிறான்.


வேளச்சேரிவாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை முழுக்க இதே வேலைதான், நடந்ததைச் சொல்கிறேன்.

பிஎஸ்2 ஜாய்ஸ்டிக் சரியாகிவிட்டது! ராயபுரம் தங்கை சொன்ன மாதிரி ஸ்பாஞ்ச் தொட்டால் விரலில் ஒட்டுகிற அளவுக்கு இளகிப்போயிருந்தது. டேப் நான்கு மடிப்பு. மெனு அசையாமல் நிற்கிறது, சதுரம் ஒவ்வொரு முறையும் வேலை செய்கிறது. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, இதற்காக மூன்று மாதம் கடை கடையாகத் திரிந்திருக்கிறேன்.

டிவி கேம் ஜாய்ஸ்டிக்குகள் வேறு கதை. முதல் பிளேயருடையதைத் திறந்தால் உள்ளே காய்ந்த சேறு ஓடு ஓடாக உதிர்கிறது. போர்டில் தடங்கள் பச்சை பூத்து இரண்டு இடத்தில் அறுந்தே போயிருக்கின்றன. இரண்டாவது பிளேயருடையது பரவாயில்லை, போர்டு சுத்தம், ஆனால் ரப்பர் தேய்ந்திருக்கிறது. ஏ பட்டனில் மல்டிமீட்டர் 9 கிலோ ஓம் காட்டுகிறது, மற்றவை இருநூறு முன்னூறு. ஆனால் அந்த இரண்டாவது ஜாய்ஸ்டிக்கில் ஸ்டார்ட்டும் செலக்ட்டும் கிடையாது, முதலாவதில் மட்டும்தான் இருக்கிறது. இப்போது ஆன்லைனில் வாங்கிய டி-பேட் சரியில்லாத 9 பின், அந்த யூஎஸ்பி, இந்தப் பழைய இரண்டு, ஆக நான்கு இருக்கின்றன. இவற்றிலிருந்து நல்லதாக இரண்டு தேற்ற முடியுமா?


ஈயப்புகை எழுதியது:

தாராளமாகத் தேற்றலாம் தம்பி, உங்களிடம் வேண்டியது எல்லாமே இருக்கிறது.

முதல் பிளேயருக்கு இப்படிச் செய்யுங்கள். ஆன்லைனில் வந்த 9 பின்னின் போர்டில் குறை எதுவும் இல்லை, மாட்டினால் எல்லா பட்டனும் வேலை செய்கிறது என்று நீங்களே சொன்னீர்கள். கெட்டது அதன் டி-பேடும் வெளிப் பிளாஸ்டிக் கூடும்தான். அதனால் அந்தப் போர்டை ஒயரோடு எடுத்து உங்கள் அப்பா வாங்கிய ஜாய்ஸ்டிக்கின் கூட்டுக்குள் வைத்துப் பாருங்கள். திருகுத் துளையும் பட்டன் இடமும் ஒத்துப்போனால் அதிர்ஷ்டம், ஒரு மில்லிமீட்டர் இடித்தால் கூட்டின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தூணைக் கத்தியால் சீவிக்கொள்ளலாம், போர்டை மட்டும் சீவாதீர்கள். பழைய டி-பேட், பழைய பட்டன், புதுப் போர்டு.

ஒத்துவராவிட்டால் பழைய போர்டையே எடுங்கள். இரண்டு தடம் அறுந்தது ஒரு பெரிய விஷயமே இல்லை. பச்சையை ஆல்கஹாலில் துடைத்து, அறுந்த இடத்துக்கு இருபுறமும் மேல் பூச்சைப் பிளேடால் சுரண்டி, செம்பு மின்னும் வரை சுரண்ட வேண்டும், பழைய ஒயரிலிருந்து ஒரு நரம்பை உருவி எடுத்துப் பாலம் மாதிரி வைத்து ஈயம் விடுங்கள். கை நடுங்கினால் நரம்பின் ஒரு முனையை முதலில் பிடிக்க வைத்துவிட்டு, ஆறினதும் மறு முனையைப் பாருங்கள். ஈயம் வைத்ததும் பீப் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மூட வேண்டும்.

யூஎஸ்பி ஜாய்ஸ்டிக்கின் ஒயரை வெட்டி 9 பின்னோடு சேர்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதன் ஐசி கம்ப்யூட்டரோடு பேசும் ஐசி, டிவி கேமோடு பேசத் தெரியாது. ஆனால் அதன் ரப்பர் புதிது. ஏ, பி பட்டன் ரப்பரை எடுத்து இரண்டாவது பிளேயர் ஜாய்ஸ்டிக்கில் வைத்துப் பாருங்கள், உயரம் ஒத்துப்போனால் வேலை முடிந்தது. ஒத்துவராவிட்டால், பழைய ரிமோட் ரப்பரிலிருந்து கறுப்பு வட்டத்தை மட்டும் மெல்லிசாக வெட்டி எடுத்து, தேய்ந்த வட்டத்தின் மேல் சிலிகான் பசையில் ஒட்டலாம். பசை கறுப்பின் முகத்தில் படக் கூடாது. நான் இப்படி ஒட்டிக் கொடுத்தது பல வருஷம் ஓடியிருக்கிறது. பென்சிலில் தேய்த்தாலும் வேலை செய்யும், பத்து நாளில் மறுபடி தேய்க்க வேண்டியிருக்கும்.


பெரம்பூர்_பிக்சல் எழுதியது:

இன்னொரு வழியும் சொல்லி வைக்கிறேன், பிற்காலத்தில் உதவும். வீட்டில் பிஎஸ்4 அல்லது பிஎஸ்5 ஜாய்ஸ்டிக் இருந்தால் அதையே இந்தப் பழைய மெஷின்களில் பயன்படுத்தலாம். புளூரெட்ரோ என்று ஒரு இலவச ஃபர்ம்வேர், அதாவது சிப்பில் ஏற்றும் மென்பொருள், இருக்கிறது, சோர்ஸ் கோடும் திறந்தே இருக்கிறது. இஎஸ்பி32 என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டு ஒன்றில் அதை ஏற்றி, அந்தந்த மெஷினின் பிளக்கோடு இணைத்தால் புளூடூத் ஜாய்ஸ்டிக் நேராக வேலை செய்யும். போர்டு ரிச்சி தெருவில் பல கடைகளில் கிடைக்கும், ஆனால் வாங்கும்போது பார்த்து வாங்குங்கள், சாதாரண பழைய இஎஸ்பி32-தான் வேண்டும். அதே பெயரில் வரும் எஸ்2 வகை என்றால் புளூடூத்தே கிடையாது, எஸ்3, சி3 இரண்டிலும் குறைந்த மின்சக்தி புளூடூத் மட்டும்தான், பிஎஸ்4 ஜாய்ஸ்டிக் அதில் இணையாது. கடைக்காரர் "இது புதுசு சார், இன்னும் நல்லது" என்று எஸ்3-யை எடுத்துக் கொடுத்தார், வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, மறுநாள் போய் மாற்றினேன்.

நான் பிஎஸ்2-வுக்குச் செய்தேன். அறுந்த ஜாய்ஸ்டிக்கின் பிளக்கை வெட்டி எடுத்து அதில் இணைத்தேன், போர்டுக்கு மின்சாரம் தனியாக யூஎஸ்பி வழியே கொடுத்தேன். டிவி கேமுக்குச் செய்வதாக இருந்தால் அது 5 வோல்ட், இஎஸ்பி32-வின் கால்கள் 3.3 வோல்ட், நடுவில் வோல்ட்டை மாற்றிக் கொடுக்கும் லெவல் ஷிஃப்டர் போடாமல் இணைக்காதீர்கள்.

செய்ய நேரமில்லை என்றால் புரூக் நிறுவனத்தின் விங்மேன் பிஎஸ்2 அடாப்டர் தயாராகக் கிடைக்கிறது, விலைதான் கொஞ்சம் கூட.


ராயபுரம்_செகண்ட்_பிளேயர் எழுதியது:

பிக்சல் சொன்னது நல்ல யோசனை, ஆனால் அழுத்தத்தைப் பொறுத்து வேகம் மாறுகிற கேம் நிறைய விளையாடுபவர்கள் பழைய டூயல்ஷாக் 2 ஒன்றையாவது உயிரோடு வைத்துக்கொள்ளுங்கள். பிஎஸ்4 ஜாய்ஸ்டிக்கின் எக்ஸ், சதுரத்துக்குப் பாதி அழுத்தம் தெரியாது.

கடல் பக்கம் இருப்பவர்கள் விளையாடி முடித்ததும் ஜாய்ஸ்டிக்கைத் துடைத்து, மாத்திரை டப்பாவில் வரும் அந்தச் சின்ன சிலிக்கா பொட்டலம் இரண்டு போட்டு மூடி வையுங்கள். கை வியர்வையும் உப்புக் காற்றும் சேர்ந்தால் பிளக்கின் பின்னெல்லாம் ஒரே மழைக்காலத்தில் பச்சை பூத்துவிடுகிறது.


வேளச்சேரிவாசி எழுதியது:

முடிந்தது!

ஆன்லைனில் வந்த போர்டு அப்பாவின் கூட்டுக்குள் போகவில்லை, நடுத் தூண் இடித்தது, சீவினேன், அப்பவும் ஸ்டார்ட் பட்டன் தள்ளிப்போய் நின்றது. அதனால் பழைய போர்டுக்கே பாலம் போட்டேன். முதல் பாலம் பிடிக்கவில்லை, செம்பு மின்னும் வரை சுரண்டவில்லை என்று அப்புறம்தான் புரிந்தது. மறுபடி சுரண்டி, அயர்ன் முனையை ஈரத் துணியில் துடைத்துவிட்டு வைத்தேன், ஈயம் வழிந்து உட்கார்ந்தது. பீப் சத்தம் கேட்டதும் மகள் கை தட்டினாள், அவளுக்கு அது என்ன சத்தம் என்று தெரியாது, என் முகத்தைப் பார்த்துத் தட்டினாள்.

யூஎஸ்பி ரப்பர் இரண்டாவது ஜாய்ஸ்டிக்கில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஏ பட்டன் இப்போது 180 ஓம் காட்டுகிறது.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். டப்பாவில் அந்தக் காலத்து ஆரஞ்சுத் துப்பாக்கியும் இருக்கிறது. வாத்து சுடும் கேமில் எங்கே சுட்டாலும் ஒன்றும் விழவில்லை. அதற்கும் ரப்பர்தானா?


ஈயப்புகை எழுதியது:

இல்லை தம்பி, துப்பாக்கி நன்றாகவே இருக்கலாம், உங்கள் டிவிதான் காரணம். விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கிக் குழாயில் இருக்கும் சென்சார் அந்த வெளிச்சத்தை அதே கணத்தில் பார்க்க வேண்டும். பழைய பிக்சர் டியூப் டிவியில் அது சரியாக நடக்கும், இப்போதைய எல்இடி டிவி படத்தைத் தாமதமாகக் காட்டுவதால் வெளிச்சம் வரும்போது மெஷின் பார்த்து முடித்திருக்கும். காயலான் கடைக்குப் போவதற்கு முன்னால் யார் வீட்டிலாவது டியூப் டிவி இருக்கிறதா என்று கேளுங்கள், சும்மாவே கொடுத்துவிடுவார்கள்.


வேளச்சேரிவாசி எழுதியது:

மடிப்பாக்கத்தில் அக்கா வீட்டு மாடியறையில் ஒன்று இருக்கிறது, 21 இன்ச், போர்வை போட்டு மூடி வைத்திருக்கிறாள். இப்போதுதான் போன் செய்தேன். டிவியைத் தருகிறாளாம், ஆனால் ஸ்டார்ட் இருக்கிற ஜாய்ஸ்டிக் அவளுக்குத்தானாம், 97-லும் அதையேதான் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மகளோடு ஆட்டோ பிடித்துப் போகிறோம்.